மூன்று துறைத் தரவையும் ஜாஸ்பில் போட்டுப் பார்த்தோம்

கல்வித் தலைமைத்துவத்திலோ சமூக உளவியலிலோ பட்டப்பின் ஆய்வு செய்துகொண்டிருக்கிறீர்களா? நிரப்பி வாங்கிய வினாக்கொத்து ஒரு கட்டு கையில் இருக்க, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறீர்களா? அப்படியானால் ஜாஸ்ப் (JASP) என்ற புள்ளிவிபர மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். காசு இல்லை. முப்பது நாள் ஓடிவிட்டுப் பூட்டிக்கொள்ளாது. பௌதிகவியல் ஆய்வு செய்கிறவருக்கு இது பாதி வேலைக்குத்தான் வரும், ஆனால் அந்தப் பாதிக்கு நன்றாகவே வரும். எங்கள் வீட்டு மேசையில், ஒரே மடிக்கணினியில், மூன்று பேருடைய தரவையும் இதில் போட்டுப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் பிரதி அதிபர். அதிபர்கள் கற்பித்தலுக்கு எப்படித் தலைமை கொடுக்கிறார்கள் என்பது என் முதுகல்விமாணி ஆய்வு. என் கணவரின் தம்பி பேராதனையில் பௌதிகவியலில் முதுதத்துவமாணி செய்கிறார். வானத்திலிருந்து வந்து விழுகிற மியூவோன் என்ற நுண்துகள்களை எண்ணுகிற சின்னக் கருவி ஒன்றைக் கண்டியிலும் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் மாறி மாறி வைத்து, உயரம் கூடக்கூட எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்று பார்க்கிறார். மூன்றாமவர் முன்பு என்னோடு படிப்பித்த டீச்சர், இப்போது சமூக உளவியல் பக்கம் போய்விட்டார். தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன இளைஞர்கள் தங்கள் ஊரைக் கேட்டால் சொல்கிறார்களா, பக்கத்து நகரத்தின் பெயரைச் சொல்லித் தப்புகிறார்களா, அது அவர்களுடைய சுயமதிப்போடு எப்படிச் சேர்ந்து போகிறது என்பது அவருடைய கேள்வி. மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். தரவு கையில் இருந்தது, அதை ஓட்டிப் பார்க்கக் கருவி இல்லை.

எங்கள் பக்கத்தில் ஆய்வுக்கட்டுரையின் நான்காம் அத்தியாயம் எப்படி எழுதப்படுகிறது என்பது படித்தவர்களுக்குத் தெரியும். நகரில் டைப்பிங், பைண்டிங் செய்கிற ஒரு கடையில் வினாக்கொத்துக் கட்டைக் கொடுத்தால், எஸ்பிஎஸ்எஸ் (SPSS) என்ற புள்ளிவிபர மென்பொருளில் போட்டு அட்டவணையும் படமுமாகத் திருப்பித் தருவார்கள். என்னுடைய சக ஆசிரியை ஒருவர் அப்படித்தான் வாங்கினார். வாய்மொழிப் பரீட்சையில், "இந்த அட்டவணையில் இந்த இலக்கம் என்ன சொல்கிறது?" என்று கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. அவருடைய உழைப்பு அவ்வளவும் உண்மையானது. பஸ் போகாத தோட்டங்களுக்கு நடந்தே போய், லயத்து வாசலில் உட்கார்ந்து வாங்கிய பதில்கள் அவை. அந்தப் பதில்களுக்கும் அவருக்கும் நடுவில் காசு வாங்கிக்கொண்டு வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஜாஸ்பைப் பற்றி இவ்வளவு அக்கறையாக எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

எஸ்பிஎஸ்எஸ்ஸைக் குறை சொல்ல வரவில்லை. 1968இல் சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட மென்பொருள் அது. 2009இல் ஐபிஎம் வாங்கியது. பாடநூல்களும் விரிவுரைகளும் அதை வைத்தே இருக்கின்றன. ஆனால் அதன் உரிமத்தைச் சொந்தக் காசில் வாங்க ஓர் ஆசிரியர் சம்பளம் எட்டாது. அதனால் பென்டிரைவில் கை மாறி வருகிற களவுப் பிரதியைத்தான் பலரும் போட்டுக்கொள்கிறார்கள், கூடவே வைரஸும் வருகிறது. ஆய்வு நெறிமுறை பற்றி மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டு பக்கம் எழுதிவிட்டு நான்காம் அத்தியாயத்துக்குக் களவுப் பிரதியைத் திறப்பது எனக்குச் சரிப்படவில்லை.

ஜாஸ்பை உருவாக்கியவர்கள் அம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக உளவியலாளர்கள். எரிக்-யான் வாகன்மாக்கர்ஸ் அந்தக் குழுவின் தலைவர். ஆனால் மென்பொருளின் பெயரில் முதல் எழுத்தாக அவர்கள் வைத்திருப்பது பூமியைப் படித்த ஒரு பௌதிகவியலாளரின் பெயரை, ஜெஃப்ரீஸ் என்பதை. சர் ஹரோல்ட் ஜெஃப்ரீஸ் கேம்பிரிட்ஜில் இருந்தவர், நிலநடுக்க அலைகளை ஆராய்ந்தவர், பூமியின் கருப்பகுதி திரவமாக இருக்க வேண்டும் என்று 1926இல் வாதிட்டவர். உலகின் பல மூலைகளிலிருந்தும் நிலநடுக்க நிலையங்கள் அலை வந்துசேர்ந்த நேரத்தை அனுப்பும். அவற்றில் நல்லதும் இருக்கும், நம்ப முடியாததும் இருக்கும். எதை எவ்வளவு நம்புவது என்று ஒழுங்காகக் கணக்குப் பார்த்து, கீத் புல்லனோடு சேர்ந்து அவர் தயாரித்த அலை நேர அட்டவணைகள் 1940இல் வெளிவந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, 1939இல், நிகழ்தகவு பற்றிய தன் பெரிய நூலை வெளியிட்டார். இரண்டு கருதுகோளில் எதன் பக்கம் தரவு சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று அளக்கிற முறையை அதில் விரித்து எழுதினார். இன்று பேய்ஸ் காரணி என்று சொல்வது அதைத்தான்.

உளவியலாளர்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 2011இல், இனி நடக்கப்போவதை மனிதர் முன்கூட்டியே உணர்கிறார்கள் என்று சோதனைகள் காட்டுவதாக டாரில் பெம் என்ற உளவியலாளர் எழுதிய கட்டுரை, சமூக உளவியலின் மிக மதிப்பான சஞ்சிகை ஒன்றில் வந்தது. வழக்கமான கணக்குப்படி முடிவுகள் பொருண்மையானவைதான், அதாவது வெறும் தற்செயல் என்று லேசில் தள்ளிவிட முடியாதவை. வாகன்மாக்கர்ஸ் குழு அதே தரவை பேய்ஸ் காரணியில் போட்டுப் பார்த்து, சான்று மிகவும் பலவீனமானது என்று காட்டியது. பிறகு 2015இல், உளவியலில் வெளிவந்த 100 ஆய்வுகளை ஒரு பெரிய குழு மறுபடி செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் பொருண்மையான முடிவைச் சொல்லியிருந்தன, மறுபடி செய்தபோது 36 சதவீதத்தில்தான் அது வந்தது. என் தோழி தன் ஆய்வின் முதலாம் அத்தியாயத்திலேயே இதை எழுதியிருக்கிறார். தன் துறையின் பலவீனத்தைத் தெரிந்துகொண்டு உள்ளே போகிறவர் அவர். அந்தத் தைரியத்துக்காகவே எனக்கு அவர் மீது மரியாதை.

சரி, மென்பொருளுக்கு வருவோம். திறந்தால் மேலே ஒரு வரிசை ஐகன்கள்: விபரணம், டி-டெஸ்ட், அனோவா, ரிக்ரெஷன், காரணிப் பகுப்பாய்வு என்று. இடப்பக்கம் மாறிகளின் பட்டியல், பக்கத்தில் வெற்றுப் பெட்டி, வலப்பக்கம் முடிவு. ஒரு மாறியைப் பெட்டிக்குள் தள்ளிய உடனே வலப்பக்கத்தில் அட்டவணை வந்துவிடும். ஒரு கட்டத்தில் டிக் போட்டால் நியம விலகல் சேரும், எடுத்தால் போய்விடும். பயந்து பயந்து அழுத்தத் தேவையில்லை. புள்ளிவிபரவியலை விரிவுரையில் மட்டும் கேட்ட என்னைப் போன்றவர்களுக்கு, எதைத் தொட்டால் எது மாறுகிறது என்று கண்ணால் பார்ப்பதே பெரிய பாடம். ஒவ்வொரு பகுப்பாய்வுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன 'ஐ' பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் அந்தப் பெட்டியில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் வரும். உள்ளே இயங்குவது ஆர் என்ற புள்ளிவிபர மொழி. ஆனால் நாம் ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை.

ஒவ்வொரு மாறிக்கும் முன்னால் ஒரு சின்னப் படம் இருக்கும். அடிமட்டம் இருந்தால் அளவு, ஏறுவரிசைக் கட்டைகள் இருந்தால் தரவரிசை, வட்டங்கள் இருந்தால் வகை. முதலில் இவற்றைச் சரிபாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை தெரிவுள்ள வினாவை அது அளவு என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம். படத்தை அழுத்தி மாற்றிவிடலாம், ஒரு நொடி வேலை.

இந்த மென்பொருளில் எனக்கு முதலில் நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன். என் தோழி சுயமதிப்பை அளக்க ரோசன்பர்க் அளவுகோலைப் பயன்படுத்தினார். மொரிஸ் ரோசன்பர்க் 1965இல் கொடுத்தது. பத்து வாக்கியங்கள், ஐந்து நேர்மறை, ஐந்து எதிர்மறை. 'என்னிடம் பெருமைப்பட அதிகம் இல்லை' என்ற வகை வாக்கியத்துக்கு 'முழுமையாக உடன்படுகிறேன்' என்று போடுபவருக்குச் சுயமதிப்பு குறைவு. ஆகவே அந்த ஐந்தையும் திருப்பிப் போட்டுத்தான் கூட்ட வேண்டும். பத்தையும் அப்படியே நம்பகப் பெட்டிக்குள் தள்ளினால் என்ன ஆகிறது என்று பார்த்தோம். வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டுகிற க்ரொன்பாக் அல்ஃபா தரையில் கிடந்தது. அதோடு அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்பும் வந்தது: இன்ன இன்ன வினாக்கள் மொத்த அளவுகோலோடு எதிர்த்திசையில் போகின்றன என்று வினாக்களின் பெயரோடு. கீழே, திருப்ப வேண்டிய வினாக்களுக்கென்றே தனிப் பெட்டி இருக்கிறது. ஐந்தையும் அதற்குள் இழுத்துப் போட்டதும் அல்ஃபா கண் முன்னாலேயே ஏறியது. பக்கத்திலேயே ஒமேகா என்ற இன்னொரு நம்பக அளவும் இருக்கிறது, பல முறையியலாளர்கள் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள். இன்னொரு டிக் போட்டால், எந்த வினாவை எடுத்துவிட்டால் நம்பகம் எவ்வளவாகும் என்று வரிசையாகக் காட்டும். "டீச்சர், எட்டாவது வினாவைப் பாருங்கள், அது மற்றதோடு ஒட்டவே இல்லை" என்று தோழி சொன்னபோது, அந்த வினாவை வாசித்துவிட்டு அந்த இளைஞர்களில் சிலர் அவரிடம் என்ன கேட்டார்கள் என்பதும் அவருக்கு நினைவுக்கு வந்தது. வேறொருவரிடம் கொடுத்திருந்தால் அந்த இரண்டையும் யார் சேர்த்துப் பார்த்திருப்பார்கள்?

என் ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது பிலிப் ஹாலிங்கர் 1980களில் உருவாக்கிய அளவுகோல். அதிபரின் கற்பித்தல் முகாமையை ஆசிரியர்களே மதிப்பிடுகிற வினாக்கொத்து. முழு வடிவத்தில் 50 வினாக்கள், 10 தொழிற்பாடுகள். பாடசாலையின் இலக்கை வரையறுப்பது, கற்பித்தலைக் கண்காணிப்பது, பாடவேளை வீணாகாமல் காப்பது, கண்ணில் படுகிற இடத்தில் இருப்பது என்று போகும். மலைநாட்டில் இதைக் கேட்பது லேசான காரியம் அல்ல. எட்டு ஆசிரியர்கள் இருக்கிற பாடசாலையில் வயது, பால், கற்பிக்கும் பாடம் மூன்றையும் கேட்டால் ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். அதனால் நான் வயதைக் கேட்கவில்லை, உறையில் போட்டு ஒட்டித்தான் வாங்கினேன். 'என் அதிபர் வகுப்பறைக்கு வருவதில்லை' என்று ஓர் ஆசிரியை என்னை நம்பி எழுதிக் கொடுத்தது என் கணினியை விட்டு வெளியே போகக்கூடாது. ஜாஸ்ப் இணையமே இல்லாமல் இயங்கும். தரவு எங்கேயும் ஏறாது. எனக்கு இது வசதி மட்டும் அல்ல, அவர்களுக்குக் கொடுத்த வாக்கு. அதோடு 2022இன் மின்வெட்டுக் காலத்தில் தொலைபேசிக் கோபுரமும் சேர்ந்து செத்துப்போய்க் கிடந்ததை நினைத்தால், பற்றரியில் தனியாக ஓடுகிற மென்பொருளின் அருமை இன்னும் தெரியும்.

இனி, இதை எல்லோரும் எடுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம். உயர்தர வகுப்புள்ள 1ஏபி பாடசாலைகளிலும், பதினொன்றாம் ஆண்டோடு நிற்கிற வகை 2 பாடசாலைகளிலும் அதிபர்கள் பெற்ற மதிப்பீடு வேறுபடுகிறதா என்று பார்த்தேன். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடுகிற வழக்கமான டி-டெஸ்டில் பி பெறுமானம் 0.05ஐத் தாண்டி நின்றது. உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஒரு வித்தியாசம் தற்செயலாக வருவதற்கான வாய்ப்புத்தான் பி பெறுமானம், அது 0.05க்குக் கீழே வந்தால்தான் பொருண்மை என்பார்கள். எங்கள் ஆய்வுக்கட்டுரைகளில் இந்த இடத்தில் எழுதுகிற வாக்கியம் ஒன்று இருக்கிறது: 'ஆகவே இரு பிரிவினருக்கும் இடையில் வேறுபாடு இல்லை.' அந்த வாக்கியத்தை எத்தனையோ கட்டுரைகளில் வாசித்திருக்கிறேன். பி பெறுமானம் அப்படிச் சொல்வதே இல்லை. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது ஒன்று, வேறுபாடு இல்லை என்பதற்குச் சான்று இருக்கிறது என்பது வேறொன்று.

ஜாஸ்பில் அதே டி-டெஸ்டுக்குக் கீழே பேய்ஸ் டி-டெஸ்ட் என்று இன்னொன்று இருக்கிறது. அதே மாறிகளைப் போட்டால் பேய்ஸ் காரணி வரும். வரைபடம் கேட்டால் மேலே ஒரு சின்ன வட்டம், ரொட்டியை இரண்டாக வெட்டியதுபோல் சிவப்பும் வெள்ளையுமாகப் பிரிந்து, தரவு எந்தக் கருதுகோளின் பக்கம் எவ்வளவு என்று காட்டும். என் பாடசாலை வகை ஒப்பீட்டில் காரணி ஒன்றை ஒட்டி நின்றது, வட்டம் ஏறக்குறைய சரிபாதி. அதாவது என் தரவு எந்தப் பக்கமும் பேசவில்லை, இன்னும் பாடசாலைகள் வேண்டும். ஆண் அதிபர், பெண் அதிபர் ஒப்பீட்டிலும் பி பெறுமானம் 0.05க்கு மேலேதான். ஆனால் அங்கே பேய்ஸ் காரணி, வேறுபாடு இல்லை என்று சொல்கிற சூனியக் கருதுகோளின் பக்கம் மூன்றைத் தாண்டியிருந்தது. மூன்றுக்குக் கீழே இருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது ஜெஃப்ரீஸ் காலத்திலிருந்தே வருகிற எல்லை. இங்கே வேறுபாடு இல்லை என்பதற்கு ஓரளவு சான்று இருக்கிறது என்று நேர்மையாக எழுதலாம். பி பெறுமானத்தை மட்டும் வைத்திருந்தால் இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதியிருப்பேன். பெண் அதிபர்களைப் பற்றி வலயக் கூட்டங்களில் பேசப்படுவதைக் கேட்டிருக்கிறவளுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

என் மேற்பார்வையாளர் முதலில் யோசித்தார். பரீட்சகர்களுக்குப் பழக்கமில்லாதது என்றார். பிறகு இரண்டையும் பக்கம் பக்கமாகப் போடச் சொன்னார். அது நல்ல யோசனை, நீங்களும் அப்படியே செய்யலாம். ஒன்றை மட்டும் தயார் செய்துகொள்ளுங்கள். பேய்ஸ் கணக்குக்கு முன்கூட்டிய எதிர்பார்ப்பு ஒன்று வேண்டும். ஜாஸ்ப் தானாகவே 0.707 என்ற அகலமுள்ள கோஷிப் பரவலை எடுத்துக்கொள்ளும். ஏன் அந்த எண் என்று கட்டாயம் கேட்பார்கள். விளைவின் அளவு, அதாவது இரு குழுக்களின் வித்தியாசத்தை நியம விலகலால் வகுத்தது, 0.707க்கு உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் சரிபாதி வாய்ப்புக் கொடுக்கிறோம் என்பதே அதன் பொருள். வேறு அகலம் எடுத்தால் முடிவு மாறுமா என்று காட்டுகிற வரைபடத்துக்கும் ஒரு டிக் இருக்கிறது. அதையும் எடுத்துப் பின்னிணைப்பில் வையுங்கள்.

கல்வித் தலைமைத்துவ ஆய்வு செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரே பாடசாலையில் இருக்கிற பத்து ஆசிரியர்கள் பத்துத் தனி ஆட்கள் அல்ல. ஒரே அதிபரைத்தான் மதிப்பிடுகிறார்கள். எல்லா ஆசிரியர்களையும் ஒரே குவியலாகக் கொட்டி டி-டெஸ்ட் செய்தால், இருப்பதைவிட அதிகமான சான்று இருப்பதுபோல் தோன்றும். பாடசாலைச் சராசரியை எடுத்து ஒப்பிடுவது ஒரு வழி. மேலே சொன்ன இரண்டு ஒப்பீட்டையும் நான் அப்படித்தான் செய்தேன். இன்னொரு வழி, ஆசிரியர்கள் எந்தப் பாடசாலைக்குள் இருக்கிறார்கள் என்பதையும் கணக்கில் எடுக்கிற கலப்பு மாதிரி. ஜாஸ்பில் அதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. பாடசாலை என்ற மாறியைக் குழுப் பெட்டிக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். கடையில் வாங்கிய அட்டவணைகளில் இதை நான் கண்டதே இல்லை.

அப்புறம் பௌதிகவியல். தம்பி முதலில் இதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. "அண்ணி, உங்களுக்கு 0.05 போதும், எங்களுக்கு ஐந்து சிக்மா வேண்டும்" என்றார். 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகளைக் கண்டதாக, ஐரோப்பாவின் துகள் பௌதிகவியல் ஆய்வுகூடமான செர்ன் அறிவித்தபோது வைத்திருந்த எல்லை அது. வெறும் தற்செயலால் அப்படி ஒன்று தோன்றுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 35 இலட்சத்தில் ஒன்று. எங்கள் 0.05 இருபதில் ஒன்று, ரொனால்ட் ஃபிஷர் 1925இல் வசதியான எல்லை என்று எழுதி வைத்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசினால், நாங்கள் எவ்வளவு மெல்லிய சான்றில் பரிந்துரை அத்தியாயம் எழுதுகிறோம் என்று உறைக்கும்.

ஆனாலும் அவரும் உட்கார்ந்தார். செர்ன் தன் தரவுகளில் ஒரு பகுதியை 2014 முதல் யாரும் எடுக்கலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. அதில் இரட்டை மியூவோன் நிகழ்வுகள் ஓர் இலட்சம் அடங்கிய கோப்பு ஒன்று உண்டு. ஜாஸ்பில் திறந்து, நிறை என்ற மாறியைப் பெட்டிக்குள் தள்ளி, பரவல் வரைபடத்தில் கட்டைகளின் எண்ணிக்கையைக் கூட்டினார். 91 ஜிகா எலெக்ட்ரோன்வோல்ட்டை ஒட்டி ஒரு மேடு எழுந்தது. இரண்டு மியூவோன்களாகச் சிதைகிற இசட் போசன் என்ற துகள் அது. எங்கள் சமையலறைக்குப் பக்கத்து மேசையில் அதைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அடுத்த நாள் பாடசாலையில் பிள்ளைகளுக்கும் காட்டினேன்.

அவருடைய சொந்தத் தரவுக்கு இது எங்கே உதவியது என்றால், வளியமுக்கத் திருத்தத்தில். மியூவோன்கள், விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறப்பவை. அமுக்கம் கூடினால் மேலே காற்று அதிகம், கீழே வந்துசேரும் எண்ணிக்கை குறையும். ஆகவே உயரத்தை ஒப்பிடுவதற்கு முன் அமுக்கத்தின் விளைவைக் கழிக்க வேண்டும். ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடுகிற எளிய ரிக்ரெஷன் அது. ஒவ்வொரு மணித்தியால எண்ணிக்கைக்கும் நிச்சயமின்மை வேறு, 400 எண்ணினால் ஏறக்குறைய 20. அந்த எடையைக் கொடுக்கவும் ரிக்ரெஷனில் பெட்டி இருக்கிறது. கணக்குச் சொன்னதற்கும் கருவி எண்ணியதற்கும் உள்ள வித்தியாசத்தை, அதாவது எச்சங்களைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்து, மழை பெய்த ஒரு பிற்பகலில் எண்ணிக்கை விலகி நிற்பதை அவர் அங்கேதான் கண்டார். கருவியின் பெட்டிக்குள் ஈரம் போயிருந்தது.

அதற்கு மேல் போகாது. தானே எழுதுகிற ஒரு சமன்பாட்டைத் தரவுக்குப் பொருத்திப் பார்க்க இதில் சுலபமான வழி இல்லை. ஒவ்வொரு துகளும் ஒரு வரியாக, மில்லியன் கணக்கில் வரும் பதிவுக்கு இது செய்யப்பட்டதும் அல்ல. அங்கே பைத்தன் என்ற நிரல்மொழி, அல்லது 1990களில் செர்னில் உருவான ரூட் என்ற மென்பொருள். தம்பி இப்போது அப்படித்தான் செய்கிறார்: முதற்பார்வைக்கு ஜாஸ்ப், மீதிக்குப் பைத்தன்.

மற்றக் குறைகளும் உண்டு. தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் கிடைக்கிறது, தன்னார்வலர்கள்தான் மொழிபெயர்க்கிறார்கள். எங்கள் பல்கலைக்கழகங்களில் தமிழில் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் செய்துவிடலாம், செய்ய வேண்டும். இறக்கும் கோப்பு நூற்றுக்கணக்கான எம்பி. தோட்டத்துச் சிக்னலில் முயற்சி பண்ணாதீர்கள், நகரில் நல்ல வைஃபை இருக்கிற இடத்தில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். பழைய மடிக்கணினியில் திறக்கவே நேரம் எடுக்கும். பேய்ஸ் கலப்பு மாதிரி ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுப்பில் தேயிலை வைக்கப் போய்விடலாம், குடித்து முடித்து வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

தரவை எக்செலில் தட்டி, சேமிக்கும்போது யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்று தெரிந்தெடுங்கள். வேறு விதமாகச் சேமித்தால் தமிழில் எழுதிய பதில்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். எஸ்பிஎஸ்எஸ் கோப்பையும் நேரே திறக்கும், ஆகவே ஏற்கெனவே கடையில் கொடுத்துவிட்டவர்களும் தங்கள் கோப்பைக் கேட்டு வாங்கி இதில் திறந்து பார்க்கலாம். கேட்டு வாங்குங்கள், அது உங்களுடையது. அட்டவணைகளை அப்படியே வேர்டில் ஒட்டலாம், ஆய்வுக்கட்டுரைக்கு ஏற்ற வடிவிலேயே வரும். சேமிக்கிற ஜாஸ்ப் கோப்புக்குள் தரவு, நீங்கள் போட்ட டிக்குகள், முடிவு மூன்றும் சேர்ந்தே இருக்கும். மேற்பார்வையாளருக்கு அந்த ஒரு கோப்பை அனுப்பினால் போதும், அவர் திறந்து உங்கள் பகுப்பாய்வை அப்படியே பார்க்கலாம். ஆனால் ஆசிரியர்களின் பதில்களும் அதற்குள்தான் இருக்கின்றன. அனுப்புவதற்கு முன் பாடசாலைப் பெயர்களைக் குறியீடாக மாற்றிவிடுங்கள். ஆய்வு முடிகிறவரை பதிப்பை மாற்றாமல் இருப்பதும் நல்லது, புதிய பதிப்பில் சேமித்ததைப் பழையது திறக்காமல் போகலாம். உங்கள் கணினிக்குப் புதியது கனமாக இருந்தால் பழைய பதிப்புகளும் அவர்களுடைய தளத்திலேயே இருக்கின்றன.